எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள்? எப்படித் தேடுவது?

கும்பகோணத்து மாப்பிள்ளை:
மாமனார் 1983ல் வாங்கிய வீடு இப்போது என் மனைவி பேருக்கு வந்திருக்கிறது. ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று நீளமாகப் போகும் பழைய வீடு. வாசல் நிலையின் மேல்கட்டையில் ‘சௌமிய ௵ ஆவணி ௴’ (சௌமிய வருஷம், ஆவணி மாசம்) என்று செதுக்கியிருக்கிறது. கூடத்துக்கு மேலே சீமை ஓடு. ஒன்றை இறக்கிப் பார்த்தால் பேஸல் மிஷன், மங்களூர், 1865 என்று முத்திரை. அப்படியானால் வீட்டுக்கு 160 வயசா?

இன்னும் இரண்டு விஷயம். பரணுக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்த இடத்தில் பென்சிலில் ‘சித்திரபானு வைகாசி முதல் மயிலாப்பூர் குடி வாடகை ரூ.7’ என்று எழுதியிருக்கிறது. கொல்லைக் கிணற்றின் நடுவே சுவர் எழுப்பி, பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு.

பத்திரத்தில் விற்றவருக்குப் ‘பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டது’, அதாவது பரம்பரைச் சொத்து, என்பதோடு நிற்கிறது. அதற்கு முந்தைய ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டுக்காரன்:
1865 என்பது பேஸல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய வருஷம். பிறகு வந்த ஓடுகளிலும் அதே வருஷத்தை அடித்தார்கள். அதை வைத்து வீட்டுக்கு வயசு சொல்லாதீர்கள்.

ஆனால் பேரை வைத்துக் கொஞ்சம் சொல்லலாம். முதல் உலகப் போர் சமயத்தில் ஆங்கில அரசு அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டு, பிற்பாடு காமன்வெல்த் டிரஸ்ட் கையில் கொடுத்தது. அதற்கப்புறம் காமன்வெல்த் பேரில் ஓடு வந்தது. உங்கள் ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தியது. சௌமிய வருஷம் 1849, 1909, 1969ல் வரும். முதலாவது ஆலைக்கே முந்தி; கடைசியை நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆக 1909 ஆவணி. வேறு வீட்டில் பிரித்த நிலையையும் ஓட்டையும் வாங்கிப் போடுகிற வழக்கமும் உண்டு, அதையும் மனசில் வையுங்கள்.

மயிலாப்பூர் பேத்தி:
சித்திரபானு வைகாசி என்றால் 1942 மே, ஜூன். அந்த ஏப்ரல் 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது சென்னைதான் என்று பயம். அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. எங்கள் பாட்டி வீட்டார் சீர்காழிக்குப் போனார்கள். பாத்திரத்தில் பாதியை விட்டுவிட்டுத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனதைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்காட்டினார். உங்கள் ‘மயிலாப்பூர் குடி’யும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பென்சில் எழுத்தின் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பழைய பத்திர எழுத்தர்:
கிணற்றுச் சுவரைப் பார்த்தாலே தெரிகிறது, இது அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு. பொதுச் சுவரில் அடைத்த வாசல் எங்காவது இருக்கும், தட்டிப் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எந்த அறை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பாத்தியம், கொல்லைக்கு நடை எந்த வழி என்று எல்லாம் எழுதியிருக்கும். சிலர் கூர்சீட்டு என்று வெள்ளைத்தாளில் எழுதி முடித்துக்கொள்வார்கள். அது பதிவில் வராது.

வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975லிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் என்றால் சார்பதிவகத்தில் மனு போட்டுக் கையால் தேட வேண்டும். அங்கே முதல் அட்டவணை பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. விற்றவரின் தகப்பனார் பெயர் பத்திரத்திலேயே இருக்கும், அங்கே ஆரம்பியுங்கள்.

எதுவும் அகப்படவில்லையா? பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். செக்குபந்தியில், அதாவது நாலு பக்க எல்லை சொல்லும் இடத்தில், ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு’ என்று எழுதுவோம் அல்லவா, அந்த இன்னார் உங்கள் வீட்டுக்காரர். இருபுறமும் நாலைந்து பத்திரம் சேர்த்தால் உங்கள் வீடு யார் யார் கை மாறியது என்று வரிசையாக வந்துவிடும். என் அனுபவத்தில் சொந்தப் பத்திரத்தைவிட இது அதிகம் பேசும்.

குடியிருந்தவர்கள் மட்டும் இதில் வரமாட்டார்கள். மாச வாடகையை யார் பதிந்தார்கள்? அதனால்தான் உங்கள் பென்சில் வரி பெரிய விஷயம்.

கும்பகோணத்து மாப்பிள்ளை:
ரொம்ப நன்றி. தாழ்வாரத்து அலமாரிக்குப் பின்னால் தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது! ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பத்திரம் என்றதும் முகம் மாறிவிட்டார். நிலத்துக்கு வழக்குப் போடப் போகிறேன் என்று நினைக்கிறார்போல.

பழைய பத்திர எழுத்தர்:
அவரிடம் வாங்கவே வேண்டாம். கிரயம், பாகம் எல்லாம் சார்பதிவகத்தின் முதல் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், கூடவே உங்கள் மனைவியையும் அனுப்புங்கள். உயில் மட்டும் வேறு. அது மூன்றாம் புத்தகம், எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் தருவார்கள், இறப்புச் சான்று கேட்பார்கள். 1909ல் வீடு கட்டினவருக்கு அதை எங்கே போய் வாங்குவது என்பது தனிக் கதை.