அப்பா அம்மா தனியாகப் போய்வர சால்ட் லேக் சிட்டியில் எந்த இடங்கள் சரிப்படும்?

மில்கிரீக்வாசி:
அடுத்த மாதம் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், மூன்று மாதம் இருப்பார்கள். எங்கள் இருவருக்கும் பகல் முழுக்க வேலை. போன தடவை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்த்தே அவர்களுக்கு நாள் ஓடியது, சனிக்கிழமை வந்தால்தான் வெளியே. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. வீடு 3300 சவுத்தில் இருக்கும் டிராக்ஸ் (நகர ரயில்) நிலையத்துக்குப் பக்கம்தான். அப்பாவுக்கு 68, நன்றாக நடப்பார், ஆங்கிலம் படிப்பார், ஆனால் வழி தவறிவிடுமோ என்ற பயத்தில் தெருமுனையைத் தாண்டமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கார் இல்லாமல் அவர்களே போய் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி இடங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய குடியிருப்பு:
வந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்கு விலாசக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். இடமெல்லாம் அப்புறம். இந்த ஊரில் மார்மன் சபையின் கோயில் வளாகமான டெம்பிள் ஸ்குவேரின் தென்கிழக்கு மூலைதான் பூஜ்யம், அங்கிருந்து பிளாக்குக்கு நூறு நூறாக நாலு திசையிலும் எண் ஏறும். 900 சவுத், 500 ஈஸ்ட் என்றால் தெற்கே ஒன்பது பிளாக், கிழக்கே ஐந்து. அப்புறம் வாசாட்ச் மலை எப்போதும் கிழக்கு. உயரமான அந்த மலைச்சுவர் இருக்கும் திசையை மட்டும் பிடித்துக்கொண்டால் போன் சார்ஜ் தீர்ந்தாலும் வீடு வந்துவிடலாம். என் மாமனார் தெருப்பெயர் ஒன்றுகூட நினைவில் வைக்காமல் இப்படித்தான் நான்கு மாதம் சுற்றினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். "ரெண்டு பிளாக்தானே" என்று கிளம்பிவிடக்கூடாது. நகர மையத்தில் ஒரு பிளாக்கே 660 அடி, தெரு அகலம் வேறு 132 அடி. 900 சவுத் ரயில் நிறுத்தம் 200 வெஸ்ட்டில் இருக்கிறது, லிபர்ட்டி பார்க் 500 ஈஸ்ட்டில் தொடங்குகிறது. ஏழு பிளாக் என்று கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், நடந்தால் ஒரு மைல் வந்துவிடும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது, 900 சவுத்தில் போகும் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள். பார்க் அருமையான இடம்: 80 ஏக்கர், பெரிய பெரிய மரங்கள், 1852-இல் கட்டிய மாவு மில் ஒன்று உள்ளேயே நிற்கிறது.

சிவப்புத் தடம்:
உங்கள் வீட்டிலிருந்து என்றால் நான் முதலில் சொல்வது நகர நூலகம்தான். 3300 சவுத்தில் ரெட் லைன் ஏறினால் மாறவே வேண்டாம், "லைப்ரரி" என்றே நிறுத்தத்தின் பெயர். மோஷே சாஃப்டி வடிவமைத்து 2003-இல் திறந்த ஐந்து மாடிக் கட்டடம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே வளைந்து ஏறும் சுவரின் மேலேயே நடந்து மொட்டைமாடித் தோட்டத்துக்குப் போகலாம், அதை அப்பா பார்த்துக்கொள்வார், அம்மாவுக்கு லிப்ட் இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் நாற்காலியைப் போட்டு மதியம்வரை உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பத்திரிகை, கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாம் உள்ளேயே. வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது இவைதான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு.

65 வயது தாண்டியவர்களுக்கு ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு, நகர மையத்துக்குள் மட்டும் போய்வந்தால் கட்டணமே இல்லாத பகுதியும் இருக்கிறது.

மில்கிரீக்வாசி:
லைப்ரரி வாசலில் எத்தனை தடவை போயிருக்கிறேன், இது தோன்றவே இல்லை! டெம்பிள் ஸ்குவேருக்கு அனுப்பலாமா? கட்டுமான வேலை நடக்கிறதே?

பழைய குடியிருப்பு:
கோயிலில் 2019 கடைசியில் தொடங்கிய நிலநடுக்கப் பாதுகாப்பு வேலை அது. 1853-இல் ஆரம்பித்து 1893-இல் முடித்த கட்டடம், நாற்பது வருட உழைப்பு, லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கிலிருந்து கல் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் நம் பெற்றோருக்கு உடனே பிடித்துப்போகும். பக்கத்திலேயே டாபர்னக்கிள் மண்டபம், 1867-இலிருந்து இருக்கிறது, உள்ளே 11,623 குழாய்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி. இலவசக் கச்சேரி நேரத்தைப் பார்த்து அனுப்புங்கள். மொழி தெரியாவிட்டாலும் இசை கேட்க என்ன தடை?

ஆற்றோரம்:
ஜோர்டன் பார்க்கில் இருக்கும் பன்னாட்டு அமைதித் தோட்டத்தை யாருமே சொல்லவில்லையே. நாட்டுக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டித் தோட்டங்கள், இந்தியாவுக்கும் ஒன்று உண்டு. 1952-இல் அர்ப்பணித்தது. ஜோர்டன் ஆறு ஓரமாகவே ஓடுகிறது. ரயிலில் நேரே போக முடியாது, அதனால் முதல் தடவை நீங்கள் கூட்டிப்போங்கள்.

வெயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர் 4,200 அடிக்கு மேல், ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு, ஆனால் அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம், ஜூலையில் 38 டிகிரியைத் தொடும். மதுரை வெயிலைப் பார்த்தவர்கள் இது என்ன பெரிய வெயில் என்பார்கள். காற்று வறண்டு கிடப்பதால் வேர்ப்பதே தெரியாது, தாகமும் தெரியாது. என் அம்மாவுக்கு முதல் வாரமே தலைசுற்றல் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பதினொரு மணிக்குள் திரும்புவது, இவை இரண்டிலும் கண்டிப்பாக இருங்கள். குளிர்காலம்வரை தங்கினால் வேறு தொல்லை: சில நாட்களில் குளிர்காற்று பள்ளத்தாக்கிலேயே தேங்கிப் புகையையும் வெளியே விடாது. அன்றைக்கு நடைக்கு விடாதீர்கள்.

மில்கிரீக்வாசி:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். முதல் ஞாயிறு நான் கூடப் போய் லைப்ரரி வரை ரயிலில் கூட்டிப்போகிறேன். இரண்டாவது தடவை அப்பா முன்னால் நடக்கட்டும், நான் பின்னால் வருகிறேன்.

சிவப்புத் தடம்:
ஞாயிறு வேண்டாம், ரயில் குறைவு, பல கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமை காலை போங்கள்.