மீன் சாப்பிட்டாரா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்

கரைமடி:
ஈஸ்டர் வாழ்த்து என்று பாளை வாசகன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இயேசுவின் உடல் கல்லறையை விட்டு வெளியே வந்ததா என்பது பெரிய விஷயமே இல்லையாம், சீடர்களின் நெஞ்சில் அவர் எழுந்தாராம், உயிர்ப்பு என்றால் அதுதானாம். அண்ணே, நெஞ்சில் எழுந்தவருக்கு மீன் எதற்கு? லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆவி என்று நினைத்து நடுங்குகிறவர்களிடம் கையையும் காலையும் காட்டுகிறார், தொட்டுப் பாருங்கள் என்கிறார், அப்போதும் நம்பாமல் நிற்கிறார்கள் என்றதும் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, கொடுத்த மீன் துண்டை அவர்கள் கண்முன்னால் சாப்பிடுகிறார். சாப்பிட்டாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் போதும்.

பாளை வாசகன்:
ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இது போலீஸ் விசாரணை இல்லை தம்பி. நான் உயிர்த்தெழுதலை மறுக்கவில்லை. எது முதலில் எழுதப்பட்டது என்று பாருங்கள் என்கிறேன். நம் கையில் இருப்பதிலேயே பழைய சாட்சி அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம், ஏறக்குறைய கி.பி. 55. பதினைந்தாம் அதிகாரத்தில் கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், 500க்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் எனக்கும் தரிசனமானார் என்கிறார். அதில் மீன் எங்கே இருக்கிறது? அதே அதிகாரத்தில் ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும் என்கிறார், மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காது என்கிறார். ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மான் 1941லேயே இதையெல்லாம் அலசிவிட்டார். அவரும் லுத்தரன் சபைக்காரர்தான், நாத்திகர் இல்லை.

பெரேயன்:
இரண்டு சகோதரர்களுமே வசனத்தைப் பாதியாக வெட்டுகிறீர்கள். "பொரித்த மீன்கண்டத்தையும் தேன்கூட்டுத் துணிக்கையையும் அவருக்குக் கொடுத்தார்கள்." தேன் எங்கே போயிற்று?

கரைமடி:
பெரேயன் பிரதர், தேன் கதைக்கு அப்புறம் வருகிறேன். வாசகன் அண்ணே, பவுல் மீனைச் சொல்லவில்லை, சரி. அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று சொல்கிறாரா இல்லையா? அடக்கம் பண்ணியது எதை? நினைவையா? எது புதைக்கப்பட்டதோ அதுதானே எழுந்திருக்க வேண்டும். "ஆவிக்குரிய சரீரம்" என்பதில் ஆவி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சரீரம் என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டீர்கள். கிரேக்கத்தில் சோமா என்றால் உடல். ஆவியால் ஆன உடல் என்று அதற்கு அர்த்தம் இல்லை, ஆவியானவர் இயக்குகிற உடல் என்றுதான் அர்த்தம். உங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோவிலில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று" சொல்கிறீர்களே, அந்த இடம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வீர்களா?

பாளை வாசகன்:
என் ஆராதனையைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை? லெந்து என்கிற தவக்கால நாட்களில் இயேசுவின் தாய் மரியாள் பற்றி நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள். மீனுக்கே வருகிறேன். ஆதியாகமம் 18:8. ஆபிரகாம் வெண்ணெயும் பாலும் கன்றின் கறியும் கொண்டுவந்து வைக்க, வந்த தூதர்கள் புசித்தார்கள் என்று இருக்கிறது. தூதர்களுக்கு மாம்ச சரீரம் உண்டா? இல்லையென்றால், சாப்பிட்டதை வைத்து உடலை எப்படி நிரூபிப்பீர்கள்?

கரைமடி:
நல்ல கேள்விதான், ஆனால் பதில் 2000 வருஷத்துக்கு முன்பே இருக்கிறது. எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள தோபித்து நூல் 12:19. நான் எதையும் உண்ணவில்லை, நீங்கள் கண்டது காட்சிதான் என்று வானதூதர் ரபேல் தானே சொல்லிவிடுகிறார். அப்படி ஒரு பேச்சு அன்றைக்கு யூதர்களிடம் இருந்ததால்தான் லூக்கா இவ்வளவு பாடுபட்டு தொடு, பார், எலும்பு இருக்கிறது, மாம்சம் இருக்கிறது, மீன் கொடு என்று அடுக்குகிறார். இது தூதர் மாதிரி இல்லை என்று சொல்லத்தான் அந்த மீன்.

பெரேயன்:
தோபித்து எங்கள் வேதாகமத்தில் இல்லை. தள்ளுபடி ஆகமத்தை வைத்து உபதேசம் பண்ணாதீர்கள்.

கரைமடி:
தள்ளியது யார்? நாங்களா? நீங்கள் கிழித்து எறிந்த பக்கத்தில் பதில் இருந்தால் அது என் தப்பா?

பெரேயன்:
ஆரம்பித்துவிட்டீர்கள். 1715இல் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது எங்கள் பக்கத்து ஊழியம். அப்போது நீங்கள் லத்தீனில் பூசை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு 1871இல் தமிழ் வேதாகமத்துக்குப் போவர் ஐயர் திருத்தம் வந்தது. அதில் தேன்கூடு இருக்கிறது. அடுத்த வசனத்தில் "அவைகளை அவர் வாங்கி" என்று பன்மையில் வருகிறது. மீன் மட்டும் என்றால் பன்மை எதற்கு? தேனை எடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

பாளை வாசகன்:
தேனை யாரும் எடுக்கவில்லை சகோதரரே. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான வத்திக்கான் பிரதியிலும் சினாய் பிரதியிலும் அது கிடையாது. பிற்காலப் பிரதிகளில்தான் வருகிறது. இருந்ததை எடுப்பது வேறு, இல்லாததைச் சேர்ப்பது வேறு.

பெரேயன்:
அதே பிரதிகளில் மாற்கு நற்செய்தியின் கடைசிப் பகுதியான 16:9 முதல் 20 வரையும் கிடையாது. அதையும் எடுத்துவிடுவீர்களா? இன்றைக்குத் தேன், நாளைக்கு மீன், அதற்கப்புறம் கல்லறை.

நாகர்கோவில் ரோஸ்:
அண்ணன்மாரே, முதலில் கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள். மகதலேனா மரியாள், யோவன்னாள், யாக்கோபின் தாய் மரியாள் வந்து சொன்னதை ஆண்கள் வீண்பேச்சு என்றார்கள், அது அதே லூக்கா 24இல் பதினோராம் வசனம். இத்தனை பதிவில் ஒருவர்கூட அவர்களைச் சொல்லவில்லை. யோவான் 20இல் மரியாளிடம் "என்னைத் தொடாதே" என்றவர் இங்கே தொட்டுப் பார் என்கிறாரே, அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

பெரேயன்:
சகோதரி, முதலில் தேன் முடியட்டும்.

கரைமடி:
ரோஸ் அக்கா கேட்டது நியாயம். தொடாதே என்பதற்கு என்னைப் பற்றிக்கொண்டிராதே என்றும் பொருள் உண்டு. பற்றிக்கொள்ள ஒன்று இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்? மறுபடியும் உடல்தான்.

நான் ஏன் இந்த மீனை விடமாட்டேன் என்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தப்பா 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது சித்தி மட்டும் கடற்கரைக்குப் போவார். மணலைக் குழித்து, காற்றுக்கு மறைவாகச் சிரட்டையை வைத்து, அதற்குள் திரியை ஏற்றுவார். அணையும், மறுபடி ஏற்றுவார், ஒரு தீப்பெட்டி காலியாகும்வரை. அந்த மனுஷியிடம் போய், சித்தப்பா உங்கள் நெஞ்சில் எழுந்துவிட்டார், அது போதும் என்று நான் சொல்ல வேண்டுமா? நெஞ்சில் அவர் என்றைக்குமே சாகவில்லையே. சித்தி கேட்பது அந்தக் கையை, வலை இழுத்துத் தழும்பேறின அந்தக் கையை. இயேசு எழுந்தபோதும் கையில் காயம் இருந்தது. அவர் முதற்பலன், அதாவது மரித்தோரில் முதலாவது எழுந்தவர் என்றால், சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்று வெளிப்படுத்தலில் எழுதியிருப்பது எங்களுக்கு வெறும் உவமை இல்லை.

பாளை வாசகன்:
உங்கள் சித்தியின் துக்கத்துக்கு முன்னால் நான் வாதாட வரவில்லை தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் துக்கம் ஒரு வசனத்துக்கு விளக்கமாகிவிடாது. என் அப்பாவை அடக்கம் செய்த அன்று எனக்குக் கை கொடுத்ததும் பவுலின் அதே அதிகாரம்தான். விதைத்தது ஒன்று, முளைக்கிறது வேறொன்று என்கிறார். நெல்லைப் புதைத்தால் அதே நெல்மணியா வெளியே வருகிறது?

கரைமடி:
நெல்லைப் புதைத்தால் நெல்தானே வருகிறது! நெல்லின் நினைவா வருகிறது? பவுல் அங்கே இன்னொன்றும் சொல்கிறார், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசமும் விருதா. உங்கள் வாழ்த்தில் "பெரிய விஷயமே இல்லை" என்றது எதைப் பற்றி? அப்போஸ்தலர் 10:41இல் பேதுரு, அவர் எழுந்தபின் அவரோடு புசித்துக் குடித்தவர்கள் நாங்கள் என்கிறார். பேதுரு மீன்காரர் அண்ணே, சாப்பிட்டது யார், சாப்பிடாதது யார் என்று அவருக்குத் தெரியாதா? ஆம், இல்லை. ஒன்றைச் சொல்லுங்கள்.

பெரேயன்:
"அவைகளை." பன்மை. இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாளை வாசகன்:
தோபித்து எங்களுக்கு ஆதாரம் ஆகாது. அதை விட்டுவிட்டு ஆதியாகமம் 18:8க்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்.

கரைமடி:
சொல்லியாயிற்று, மேலே இருக்கிறது. மீன் சாப்பிட்டாரா, இல்லையா?