புதுப்பிப்பு: விண்டோஸ் 10 ஆதரவு முடிவும் மண்டபம் அலுவலகக் கணினிகளும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவதாக இருந்ததால், ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் உள்ள எங்கள் மீன் வணிக அலுவலகத்தின் பழைய கணினிகளை என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்கும் சோதனையில் "டிபிஎம் இல்லை" (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லை) என்று வந்த கணினிகளை உடனே ஒதுக்கிவிட வேண்டாம் என்று நண்பர் ஒருவர் சொன்னது முற்றிலும் சரி. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் பார்த்தபோது, இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி கொண்டவற்றில் டிபிஎம்மின் வேலையைச் செய்யும் பிடிடி என்னும் வசதி அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, பிடிடியை இயக்கி, டிஸ்க்கை எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு முறையிலிருந்து ஜிபிடி என்னும் புதிய முறைக்கு மாற்றி, யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் இயக்கிய பிறகு விண்டோஸ் 11 தடையின்றி ஏறியது.

ஆறாம் தலைமுறைச் செயலி கொண்ட கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை என்பதால் அவற்றுக்கு அந்த வழி இல்லை. விண்டோஸ் 10-க்குத் தொடர்ந்து பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தரும், நிறுவனங்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரு மடங்கு. உப்புக் காற்றில் யுஎஸ்பி துளைகள் துருவேறி, மூடியின் திருகுகளே கழல மறுக்கும் கணினிக்கு அந்தச் செலவு வீண் என்றே கருதுகிறேன். கணக்கு எழுதுவதற்குப் புதியது வாங்கினோம். கடிதம் அடிப்பவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸும், கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸும் நிறுவினோம். பழைய ரசீது பிரிண்டர் மட்டும் லினக்ஸில் தமிழ் எழுத்துகளை இன்னும் உடைத்தே அச்சிடுகிறது, வழி தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து சொல்லுங்கள்.