அப்பா காணாமல் போன பிள்ளைக்கு ஒரு நாவல் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அண்ணாவின் மகள் வெள்ளவத்தையில் எங்களோடு இருந்து உயர்தரம் படிக்கிறாள். 2009இல் வன்னியில் அண்ணா காணாமல் போனபோது அவள் கைக்குழந்தை. செத்துப்போனார் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. திவசம் இல்லை, அண்ணி இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. இந்த முடியாத காத்திருப்பை அவள் வயதுப் பிள்ளையே சொல்வதுபோல எழுதிய நாவல் தமிழில் இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்றாலும் சரி. கடைசியில் அப்பா திரும்பி வந்துவிடும் கதை மட்டும் வேண்டாம், அதை அவள் தாங்கமாட்டாள். போர்க்காட்சிகளைவிட வீட்டுக்குள் நடப்பது கூடுதலாக இருந்தால் நல்லது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ காலி வீதிப் புத்தகக் கடைகளிலோ கிடைக்குமென்றால் அதையும் எழுதுங்கோ. பழைய பிரதி என்றாலும் வாங்கிக்கொள்வேன்.