நண்பனின் கம்ப்யூட்டரில் ஒரிஜினல் விண்டோஸ் கீ எடுக்கவில்லை, அவசர உதவி

தேனிக்காரன்
வணக்கம். நண்பனின் பழைய கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் மட்டும் ஆக்டிவேட் ஆகமாட்டேன் என்கிறது. ஒரிஜினல் கீ கையில் இருக்கிறது, அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நாளைக் காலை அவன் கடை திறக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பொட்டி_தட்டி
எந்த விண்டோஸ்? எதை மாற்றினீர்கள், ரேம் மட்டுமா, மதர்போர்டும் சேர்த்தா? என்ன எரர் வருகிறது? கீ எங்கிருந்து வந்தது?

மதர்போர்டு_மாமா
தம்பி, முதலில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். போர்டில் கடிகாரத்தை ஓட்டுகிற சிமாஸ் பேட்டரி வீக்காக இருந்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், ஆக்டிவேஷன் சர்வர் கிட்டவே சேர்க்காது. 2032 பட்டன் செல் ஒன்று வாங்கிப் போடுங்கள். என் சர்வீஸில் பாதி கேஸ் இதுதான்.

தேனிக்காரன்
தேதி சரிதான் அண்ணே. போர்டே புதுசு. ஹெச்610 போர்டு, 12ஆம் தலைமுறை ஐ3, எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ப்ரோ புதிதாக ஏற்றினேன். எரர் நம்பர் எழுதி வைக்கவில்லை, இந்த கீ செல்லாது என்கிற மாதிரி வருகிறது.

பழைய_பெண்டியம்
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பழைய இழைகளைத் தேடியிருந்தால் பதில் கிடைத்திருக்கும், ஆனால் இப்போது யாரும் தேடுவதில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், டிஎல்ஐ என்று அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் சேனல் என்ற இடத்தில் ஓஇஎம், அதாவது மெஷினோடு சேர்ந்து வந்தது, என்று இருந்தால் அந்த லைசென்ஸ் பழைய போர்டோடு போயிற்று. ரீட்டெய்ல், அதாவது கடையில் தனியாக வாங்கியது, என்று இருந்தால் வேறு மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுதான் விஷயம்.

தேனிக்காரன்
ரீட்டெய்ல் என்று வருகிறது!! அப்படியென்றால் ஆகிவிடுமா?

மதர்போர்டு_மாமா
ஆகும் தம்பி, ஆகும். இன்டர்நெட் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

பொட்டி_தட்டி
ஒரு நிமிஷம். அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்து இருக்கும். 3வி66டி என்று இருக்கிறதா?

தேனிக்காரன்
ஆமாம், அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

பொட்டி_தட்டி
அது உங்கள் நண்பனுடைய கீ இல்லை. கீ கொடுக்காமல் ப்ரோவை ஏற்றினால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்கிற பொதுக் கீ. ஊர் உலகத்துக்கே அது ஒன்றுதான். ஏற்றுவதற்கு உதவும், ஆக்டிவேட் செய்யாது. சேனலில் மட்டும் ரீட்டெய்ல் என்று காட்டும். அதனால் புது இன்ஸ்டாலில் டிஎல்ஐ பார்த்துப் பயனில்லை. பழைய டிஸ்க்கில் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் அடித்த கீ எது?

பழைய_பெண்டியம்
புது இன்ஸ்டால் என்றால் அப்படித்தான். நான் சொன்னது பொதுவான முறை.

தேனிக்காரன்
கேபினெட் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருப்பது. விண்டோஸ் 7 ப்ரோ ஓஏ என்று போட்டிருக்கிறது. பாதி அழிந்திருக்கிறது, போன் டார்ச் அடித்துப் படித்தேன். 2016இல் இலவசமாக 10 ஆக மாற்றினான், இத்தனை வருஷம் பிரச்சினை இல்லை.

மதர்போர்டு_மாமா
அப்போது எழுத்துப் பிழையாக இருக்கும். அந்த கீயில் பூஜ்யம், 1, 5 எல்லாம் வரவே வராது. 8ஐயும் பியையும், 6ஐயும் ஜியையும்தான் மாற்றிப் படித்துவிடுவோம்.

பொட்டி_தட்டி
சரியாகப் படித்தாலும் இனி எடுக்காது மாமா. இலவச மாற்றத்தின் கெடு 2016 ஜூலை 29. அதற்கப்புறமும் 7, 8 கீயை வைத்து 10, 11 ஆக்டிவேட் ஆகிக்கொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. அதோடு ஓஏ என்றால் கம்பெனிக்காரன் மெஷினோடு கொடுத்த ஓஇஎம் லைசென்ஸ். அது அந்த போர்டுக்கு மட்டும்தான். தேனிக்காரரே, பழைய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இணைத்திருந்தாரா?

தேனிக்காரன்
இல்லை, சும்மா பெயர், பாஸ்வேர்டு மட்டும். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. ஸ்டிக்கர் கேபினெட்டில்தானே ஒட்டியிருக்கிறது, போர்டில் இல்லையே? கேபினெட் இன்னும் அதேதான்.

பழைய_பெண்டியம்
ஸ்டிக்கர் எங்கே ஒட்டியிருந்தால் என்ன, ஒப்பந்தம் போர்டோடுதான். போர்டு பழுதாகி அதற்கு மாற்றாகப் போட்டால் லைசென்ஸ் தொடரும். வேகம் போதவில்லை என்று நீங்களாக வேறு போர்டு போட்டால் அது புதுக் கம்ப்யூட்டர், புது லைசென்ஸ்.

மதர்போர்டு_மாமா
அப்படியானால் பழுது என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டில் கேட்டால் முடிந்தது!

பழைய_பெண்டியம்
பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கும் இடமா இது?

மின்ட்_மணி
எதற்கு இந்தப் பாடு? விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போடுங்கள். கீயும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை.

தேனிக்காரன்
டிடிபி கடை சார். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரும் வானவில் ஃபாண்ட்டும் ஓடியே ஆக வேண்டும். கல்யாணப் பத்திரிகை சீசன் வேறு.

மின்ட்_மணி
இன்னுமா பேஜ்மேக்கர்? 7.0 வந்தது 2001இல், அதோடு கதை முடிந்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடே தெரியாது அதற்கு. அரசாங்கமே 2010இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக அறிவித்தாயிற்று.

அச்சக_அண்ணாச்சி
அறிவித்தார்கள் தம்பி, இல்லையென்று சொல்லவில்லை. என்னிடம் இருபது வருஷ ஃபைல் கிடக்கிறது. ஊர்க்கோயில் கொடை நோட்டீஸ் என்றால் போன வருஷ ஃபைலைத் திறந்து, தேதியையும் வரிதாரர் பெயரையும் மாற்றி, ப்ளேட் போட்டுவிடுவேன். அதையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். யார் உட்கார்ந்து திருத்துவது?

யாழ்_நிலா
எங்கட பக்கம் இப்பவும் பாமினி ஃபாண்ட்தான் ஓடுது. பிள்ளையள் போனில யூனிகோட் அடிச்சு அனுப்புவினம், நாங்கள் கடையில பாமினிக்கு மாத்தித்தான் அச்சடிக்கிறது.

மின்ட்_மணி
பேஜ்மேக்கருக்குப் பதில் வந்த இன்டிசைனில் யூனிகோட் தமிழ் நன்றாகவே வருகிறது. மாறத் தயங்குவதற்குச் சாக்குச் சொல்லாதீர்கள்.

அச்சக_அண்ணாச்சி
மாதச் சந்தாவை நீங்கள் கட்டுகிறீர்களா?

பொட்டி_தட்டி
ஐயா, தலைப்பைப் பாருங்கள். தேனிக்காரரே, பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினாலும் லைசென்ஸ் புது போர்டுக்கு வராது. இருப்பது ஒரே நேர்வழி, ரீட்டெய்ல் லைசென்ஸ் வாங்குவது. ஐந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கீ பக்கம் போகாதீர்கள். பெரும்பாலும் ஏதோ கம்பெனிக்குக் கொடுத்த வால்யூம் கீயாக இருக்கும், இன்று எடுக்கும், ஒரு நாள் முடக்கிவிடுவார்கள். ஆக்டிவேட்டர் என்று சுற்றுகிற புரோகிராம்கள் அதைவிட மோசம். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிற எதையும் கணக்கு வழக்கு இருக்கிற மெஷினில் போடக்கூடாது. நாளைக் காலை கடையைத் திறக்கலாம், தப்பில்லை. ஆக்டிவேட் ஆகாமலே விண்டோஸ் ஓடும். வால்பேப்பர் மாற்ற விடாது, மூலையில் எழுத்து நிற்கும், பேஜ்மேக்கரைத் தடுக்காது. அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது மட்டும் முறை இல்லை.

தேனிக்காரன்
புதுசு வாங்கினால் பிராசசர் விலைக்கு வந்துவிடும் போலிருக்கிறதே. என் பழைய மெஷினுக்கு 2017இல் கடையில் வாங்கிய விண்டோஸ் 10 ப்ரோ பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது. உள்ளே பென்டிரைவ், கீ அட்டை எல்லாம் இருக்கிறது. அந்த மெஷின் பவர் சப்ளை வெடித்து எடைக்குப் போய்விட்டது. அது எதற்காவது ஆகுமா?

பழைய_பெண்டியம்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்காது.

பொட்டி_தட்டி
ஆகும். பெட்டியில் தனியாக விற்றது என்றால் ரீட்டெய்ல். ஒரு நேரத்தில் ஒரு மெஷினில் மட்டும் இருக்க வேண்டும், அந்த மெஷின்தான் இப்போது இல்லையே. 10 ப்ரோ கீ 11 ப்ரோவுக்கும் செல்லும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் போய், கீ மாற்று என்பதில் அதை அடியுங்கள். சி004சி008 என்று முடியும் எரர் வந்தால் கீ வேறு மெஷினில் பதிந்திருக்கிறது என்று பொருள், சப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். போர்டு பழுது கதை வேண்டாம் மாமா.

மதர்போர்டு_மாமா
நான் எதுவும் சொல்லவில்லை.

யாழ்_நிலா
அண்ணாச்சி, உங்கட பழைய ஃபைலுகளை மாத்தேக்க கொம்புதான் பிரச்சினையெண்டா, கன்வேர்ட்டரில ஃபாண்ட் பேரைச் சரியாத் தெரிவு செய்தனீங்களோ? வானவிலுக்கும் பாமினிக்கும் எழுத்திட இடம் வேற வேற.

தேனிக்காரன்
ஆகிவிட்டது. முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் நன்றி. பெட்டியை நானே வைத்துக்கொள்ளலாமா?

பொட்டி_தட்டி
வேண்டாம். லைசென்ஸ் இப்போது அவருடையது, பெட்டி, பென்டிரைவ், கீ அட்டை மூன்றையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இணைப்பதாக இருந்தால் அதுவும் அவர் மெயிலில் இருக்கட்டும், உங்கள் மெயிலில் வேண்டாம்.

அச்சக_அண்ணாச்சி
நிலா, நான் வைத்திருக்கும் கன்வெர்ட்டரில் வானவில்லே இல்லையம்மா. எதில் இருக்கிறது, சொல்லுங்கள்.