சோயுஸ் கழன்று பிரியாவிட்டால் என்ன ஆகும்?

வால்வெள்ளி: ரஷ்ய விண்கலமான சோயுஸ் பூமிக்கு இறங்கும்போது சுமார் 140 கி.மீ. உயரத்தில் மூன்று துண்டாகப் பிரியும், ஆட்கள் இருக்கும் நடுப்பகுதி மட்டும்தான் தரைக்கு வரும் என்று படித்தேன். பிரிக்கிற வெடிபோல்ட் வெடிக்காமல் போனால் உள்ளே இருப்பவர் கதி?

மொட்டைமாடி: போயிருக்கிறதே. 1969 ஜனவரி, சோயுஸ் 5, உள்ளே போரிஸ் வொலினோவ் தனியாள். எஞ்சின் பகுதி கழலவில்லை, அந்தப் பாரத்தோடு வெப்பக் கவசம் பின்னால், மெல்லிய மூடி முன்னால் என்று காற்றுக்குள் நுழைந்துவிட்டது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் கருகி உள்ளே புகை. நல்லவேளை, கடைசியில் இணைப்பு அறுந்து கலம் தானாகத் திரும்பிக்கொண்டது. தரையில் மோதியதில் மனிதருக்குப் பல் உடைந்தது.

வால்வெள்ளி: தானாகவா? எப்படி?

கணக்குப்பிள்ளை: கனமெல்லாம் கவசப் பக்கம்தான். தஞ்சாவூர் பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிருமே, கிட்டத்தட்ட அப்படி. ஒட்டிக்கொண்டிருந்த பகுதிதான் அதைத் திரும்பவிடாமல் பிடித்திருந்தது.

மொட்டைமாடி: அப்புறம் 2008 ஏப்ரலிலும் இதே கோளாறு, சோயுஸ் டிஎம்ஏ-11. மூன்று பேர், 8 ஜிக்கு மேல் (உடல் எடையைப் போல எட்டு மடங்குக்கும் மேல்) அழுத்தம், குறித்த இடத்துக்கு 400 கி.மீ.க்கும் அதிகமாக முன்னாலேயே கஜகஸ்தானில் விழுந்து, சுற்றியிருந்த புல்லும் பற்றிக்கொண்டது.