வகுப்பறையில் கிடைக்கும் நிறைவு, அலுவலகத்தில் கரைகிறது

பல்கலைக்கழக ஆசிரியர் வேலையில் மனநிறைவு உண்டா என்று கேட்டால், வகுப்பறையில் உண்டு, துறை அலுவலகத்தில் இல்லை என்பேன்.

வாய் திறக்கவே தயங்கிய ஆய்வு மாணவி ஒருத்தி, கருத்தரங்கில் மூத்த பேராசிரியரின் கேள்விக்குத் தன் தரவுகளை வைத்தே பதில் சொன்னாள். அவள் பேசியது இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. அதே வாரம் தர மதிப்பீட்டுக்காக ஒரே விவரத்தை வேறு வேறு படிவங்களில் நிரப்பிக்கொண்டிருந்தோம். விடைத்தாள் திருத்துவதும் பளுதான், ஆனால் அது மாணவருக்குப் போய்ச் சேர்கிறது. யாரும் படிக்காத படிவம்தான் ஆளைத் தின்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் வேலையில் மனநிறைவு பற்றி 1959இல் வெளியிட்ட ஆய்வில் பேட்டி கண்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். அதன் முடிவு நமக்கும் பொருந்துவதாகவே நினைக்கிறேன்: சம்பளமும் நிர்வாகமும் சரியில்லையென்றால் மனம் கசக்கும்; சரியானால் கசப்பு தீரும், அவ்வளவுதான். நிறைவு வருவது சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, செய்யும் வேலை இவற்றிலிருந்து. எங்கள் விருப்பப் பாடத்துக்கு நாங்களே பாடத்திட்டம் வகுத்த பருவத்தில் சம்பளம் கூடவில்லை. ஆனாலும் துறையில் அவ்வளவு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை.

மறுமொழி:
ஐயா, இது நிரந்தரப் பணியில் இருப்பவரின் கணக்கு. நான் ஒப்பந்த விரிவுரையாளர். அடுத்த பருவம் இந்த வகுப்பு என் கையில் இருக்குமா என்று தெரியாமலே பாடம் தயாரிக்கிறேன். மாணவர்கள் தரும் மகிழ்ச்சி எனக்கும் உண்டு. விடுமுறை தொடங்கியதும் பயம் அதை விழுங்கிவிடுகிறது. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை பற்றிய யுனெஸ்கோவின் 1997 பரிந்துரை, பணிப் பாதுகாப்பையும் கல்விச் சுதந்திரத்தையும் சேர்த்தே பேசுகிறது. அது ஏன் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவர் துறைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவதில்லை.

மறுமொழி:
மேடம் சொல்வது உண்மை. நான் துறைத் தலைவர் பொறுப்பில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. பாட ஒதுக்கீடு என் கையில் இருந்தது. அதைப் பருவம் தொடங்குவதற்கு நன்கு முன்பே, ஒப்பந்த ஆசிரியர்களையும் உட்காரவைத்துப் பேசி முடித்தோம். முதல் கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. அடுத்ததில் ஒருவர், மீந்துபோன பாடங்களையே தன் தலையில் கட்டுவதாகச் சொன்னார். அவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்த பாடமே அந்தப் பருவம் அவருக்குப் போனது.